வட சென்னையிலிருந்து குடும்சர் குகைக்கு: போகும் வழியும், உள்ளே கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய காரணமும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் வெந்நீர் போடுவதற்கென்றே ஒரு அலுமினியக் குண்டான் இருக்கிறது. போர் தண்ணீரைத் தினமும் காய்ச்சிக் காய்ச்சி அதன் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஏறியிருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது, புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தால்தான் விடும். குடும்சர் குகைக்குள் இறங்கி, கூரையிலிருந்து தொங்கிய கல்லின் மேல் விளக்கு பட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது நம்ம குண்டான்ல பிடிக்கிற உப்புதானே?" என்பது. ஆமாம், அதேதான். வீட்டில் அடுப்புச் சூட்டில் சில மாதங்களில் ஏறுவது, அங்கே சூடே இல்லாமல் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் குகைக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் பாதி தானாகவே வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இதை எழுதுகிறேன்.

குடும்சர் குகை சத்தீஸ்கரின் பஸ்தர் மாவட்டத்தில், காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, சுமார் 200 சதுர கிலோமீட்டர் காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தது. பெயர்ப் பலகைகளில் கோட்டம்சர், குட்டும்சர் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், எல்லாம் ஒரே இடம்தான். அந்தப் பகுதி மக்களுக்கு முன்பே தெரிந்திருந்த இந்தக் குகையை 1950-களில் சங்கர் திவாரி என்ற ஆய்வாளர் முறையாக ஆராய்ந்து வெளியுலகத்துக்குச் சொன்னார். குகைக்குள் வாழும் நீண்ட மீசை கொண்ட ஒரு வகைச் சுவர்க்கோழிப் பூச்சிக்கு அவர் நினைவாக 'கெம்பியோலா சங்கரி' என்றே பெயர்.

முதலில் எப்போது போவது என்பதை முடிவு செய்யுங்கள், டிக்கெட் அப்புறம். இதில்தான் நம்மூர்க்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். மழைக்காலத்தில் குகைக்குள் தண்ணீர் புகுந்துவிடும், அதனால் ஜூன் நடுவில் மூடிவிட்டு, மழை ஓய்ந்த பிறகு நவம்பர் வாக்கில்தான் திறப்பார்கள். ஆயுத பூஜை விடுமுறையில் பஸ்தர் தசரா பார்க்கப் போகிறோம், அப்படியே குகையையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் வாயிலோடு திரும்ப வேண்டியதுதான். நவம்பர், டிசம்பரில் குகை திறந்திருக்கும், ஆனால் நமக்கு அது புயல் காலம். ஆந்திரக் கரையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் போதும், விசாகப்பட்டினம் பக்கம் போகிற ரயில்கள் நின்றுவிடும். அரையாண்டு விடுமுறையின் கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும். என்னைக் கேட்டால் பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு ஜனவரியில் போவதுதான் நல்லது. இராத்திரியில் குளிர் நன்றாகவே இருக்கும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும். காசிமேட்டுக் காற்றில் வளர்ந்த நம்மிடம் பலருக்கு ஸ்வெட்டரே கிடையாது, யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

போகிற வழிக்கு வருவோம். விமானத்தில் ராய்ப்பூர் போய், அங்கிருந்து பஸ்தரின் தலைமையிடமான ஜக்தல்பூருக்குப் பேருந்தில் இறங்குவது ஒரு வழி. நான் சொல்வது ரயில் வழி. சென்ட்ரலில் காலை ஏழு மணி வாக்கில் புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சாயங்காலமோ முன்னிரவிலோ விசாகப்பட்டினம் சேர்த்துவிடும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ நேராக சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது, விடிகாலையில் ஆட்டோவுக்கு அலைய வேண்டாம். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் தெருக்களையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகலாம். எனக்கு அந்த இருபது நிமிடம் ரொம்பப் பிடிக்கும், தினமும் லெவல் கிராசிங்கில் நின்று பார்க்கிற ரயிலுக்குள் நாமே உட்கார்ந்திருப்போம்.

விசாகப்பட்டினத்திலிருந்து ஜக்தல்பூர் வழியாகக் கிரந்துல் போகும் ரயிலில் ஏற வேண்டும். இரவு வண்டியும் இருக்கிறது, பகல் வண்டியும் இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் விசாகப்பட்டினத்தில் ஒரு இரவு தங்கிப் பகல் வண்டியில் போங்கள். பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960-களில் போட்ட பாதை அது. கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்துகொண்டு ஏறும், மொத்தப் பாதையில் 58 சுரங்கங்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். வழியில் போரா குகலு என்று ஒரு நிலையம் வரும், புகழ்பெற்ற போரா குகைக்கு அங்கேதான் இறங்க வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்கள், குறுகிய இடமென்றால் மூச்சு முட்டுகிறவர்கள் உங்களோடு வந்தால் அவர்களைப் போராவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே வாய் அகலம், படிக்கட்டு உண்டு, மின்விளக்கும் உண்டு. குடும்சர் அப்படி இல்லை.

ஜக்தல்பூரில் தங்கிக்கொள்ளுங்கள். குகை அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர், சுக்மா போகும் சாலையில் போய்க் காட்டுக்குள் திரும்ப வேண்டும். காலையில் எவ்வளவு சீக்கிரம் வாயிலுக்குப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது, கூட்டம் சேர்ந்த பிறகு குகைக்குள் காற்று கனத்துவிடும். வனத்துறை வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்கி, அங்கேயே ஏற்பாடு செய்யும் ஜிப்சி வண்டியில் காட்டுக்குள் போய், வழிகாட்டியோடு குகையில் இறங்க வேண்டும். செல்போன் சிக்னல் காட்டுக்குள் கைவிட்டுவிடும், ஜிபே பண்ணிக்கலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள், ஐம்பதும் நூறுமாகச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்தர் என்றதும் நக்சல் நினைவு வந்து வீட்டில் பயப்படுவார்கள், எங்கள் வீட்டிலும் பயந்தார்கள். பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள், பிரதான சாலையையும் வனத்துறை காட்டும் பாதையையும் விட்டு விலகாதீர்கள், தங்கும் இடத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்குள்ள ஊர்க்காரர்கள். அந்தக் காட்டையொட்டி வாழும் துர்வா மக்களின் மொழி நம்முடைய திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சு எளிதாகத் தொடங்கும். நமக்குக் கண் என்றால் அவர்களுக்கும் கண்தான், நீர் என்றால் நீர்தான். எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பியிடம் அம்மா தன் கண்ணைத் தொட்டுக் காட்டி "கண்" என்றார், அவர் சிரித்துக்கொண்டே அதையே திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு குகை முடியும் வரை அம்மாவின் முழங்கையை அவர் விடவே இல்லை. வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள், அவரை முந்திக்கொண்டு நடக்காதீர்கள், முடிந்ததும் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என்ன உடுத்துவது? புடவை, வேட்டி வேண்டாம். சேறு பட்டால் கவலைப்படாத பழைய பேன்ட், சுடிதார் சரி. செருப்பு வேண்டவே வேண்டாம், ஈரக் களிமண்ணில் வழுக்கும். அடியில் நல்ல பிடிப்புள்ள கேன்வாஸ் ஷூ போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. வழிகாட்டியிடம் விளக்கு இருக்கும், ஆனாலும் ஆளுக்கொரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், நெற்றியில் மாட்டுகிற வகை என்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும். பையை வெளியில் வண்டியிலேயே விட்டுவிடுங்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு குறுகலான இடத்தில் திரும்பினால் நீங்கள் பார்க்காமலே அது பின்னால் எதையாவது உடைத்துவிடும்.

குகையின் வாய் பாறையில் விழுந்த ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். நம் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே விடுகிற சந்து மாதிரி இருக்கும். அதில் பக்கவாட்டாகத் திரும்பி, குனிந்து, படி இறங்க வேண்டும். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே வியர்க்கும். வெளியே ஜனவரிக் குளிர் அடித்தாலும் உள்ளே வருடம் முழுக்க ஏறக்குறைய 28 டிகிரிதான், அதோடு புழுக்கம், நமக்கு அது சென்னை மாதிரியே தெரியும். கவனிக்க வேண்டியது காற்று. வெளிக்காற்று அதிகம் வராத இடம், நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டால் உள்ளே கரியமில வாயு கூடும். தலை பாரமாகவோ மூச்சு இழுப்பதாகவோ தோன்றினால் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், உடனே வழிகாட்டியிடம் சொல்லி மேலே ஏறிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இருதயப் பிரச்சினை உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடுவது நல்லது.

இப்போது கை விஷயம். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டே போகிறது, குகை உண்டானதே அப்படித்தான். கரைத்த சுண்ணாம்போடு கூரையில் வந்து தொங்கும் சொட்டு, குகைக் காற்றில் தன் வாயுவை விட்டுவிடுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பைச் சுமக்க அதற்குச் சக்தி இல்லை, மெல்லிய வளையமாக அங்கேயே விட்டுவிட்டு விழுகிறது. அப்படி மேலிருந்து வளர்வது கல்விழுது, கீழே சொட்டு விழுந்த இடத்தில் எழும்புவது கல்முளை, இரண்டும் கைகோத்துக்கொண்டால் தூண். வளரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும், பொதுவாக வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஒரு சாண் நீள விழுதுக்கு வயது இரண்டாயிரம் வருடத்துக்கு மேல்.

பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் நுரைக்கும், முட்டை ஓட்டிலும் நுரைக்கும். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றி வீட்டுச் சுவருக்குப் பூசிய ஊர் நம்முடையது, சுண்ணாம்பு நமக்குப் புதிதில்லை. ஆனால் காங்கேர் சுண்ணாம்புக்கல் கிளிஞ்சலால் ஆனதில்லை. ஓடுள்ள உயிர்கள் தோன்றுவதற்கும் முன்னால், 54 கோடி வருடத்துக்கும் முந்தைய ஒரு கடலின் அடியில் படிந்தது அது. கடலே இல்லாத பஸ்தரில் நின்றுகொண்டு பழைய கடலடியைப் பார்க்கிறோம் என்று என் அக்கா மகனிடம் சொன்னபோது, அவன் தரையைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தான்.

தரையைத் தொடலாம். விழுதைத் தொடக் கூடாது. நம் விரலில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அது ஒட்டிய இடத்தில் தண்ணீர் சரியாகப் பரவாது, படிவு அங்கே ஒழுங்காக ஏறாது. அழுக்கும் சேர்ந்து கறுத்துவிடும். பாதையோரம் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பவற்றைப் பாருங்கள், பலரும் தடவித் தடவி மங்கிப் போயிருக்கும், எட்டாத உயரத்தில் இருப்பவை விளக்கு பட்டதும் மினுங்கும். ஒரு திருப்பத்தில் யாரோ முறித்துப் போன விழுது ஒன்றின் அடிக்கட்டையைப் பார்த்தேன். வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினாற்போல வளையம் வளையமாக இருந்தது, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. முறிந்த விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழாமல் நின்றது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன், நாற்பதைத் தாண்டித்தான் விழுந்தது. முறித்தவர் வீட்டில் அது இந்நேரம் ஷோகேஸில் தூசி பிடித்துக் கிடக்கும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், உங்களோடு வருகிற யாரையும் செய்ய விடாதீர்கள். தட்டினால் சத்தம் வரும் என்று தட்டிப் பார்ப்பதும் வேண்டாம், மெல்லிய விழுது அதிலேயே விரிசல் விடும்.

வழுக்கினால் என்ன செய்வது? இதை இறங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: வழுக்குவது போல் இருந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். கை தன்னால் பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கப் போகும், பக்கத்தில் இருப்பது விழுதாகத்தான் இருக்கும். பேன்ட் சேறானால் துவைத்துக்கொள்ளலாம்.

குகையின் கடைசியில் சிவலிங்கம் போன்ற ஒரு கல்முளை இருக்கிறது. நம்மவர்களுக்குக் கை தானாகக் குவியும், கும்பிடுங்கள். கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி எதுவும் எடுத்துப் போகாதீர்கள். மூடிய குகையில் புகை வெளியே போகாது, கூரையில்தான் கரியாகப் படியும், அதன் மேல் அடுத்த அடுக்குச் சுண்ணாம்பு ஏறிவிட்டால் யாராலும் கழுவ முடியாது. பாலோ தண்ணீரோ ஊற்றுவதும், குங்குமம் வைப்பதும், பூ போடுவதும் கூடாது. அம்மா முந்தானை முடிச்சில் கற்பூரத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், புடவை வேண்டாம் என்று சொல்லியும் அதைத்தான் உடுத்தியிருந்தார். காரணத்தைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் முடிச்சை இறுக்கிக்கொண்டார், திரும்பி வந்ததும் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஏற்றினார்.

குகைத் தண்ணீரில் மீனும் உண்டு. இண்டோரியோனெக்டஸ் எவிசார்டி (முன்பு நெமகைலஸ் எவிசார்டி) என்ற சின்ன அயிரை இனம். ஆற்றில் வாழும் அதே இனம்தான், குகைக்குள் தலைமுறை தலைமுறையாக இருட்டில் வாழ்ந்து கண் சிறுத்து, நிறம் வெளுத்துப் போயிருக்கிறது. நாம் ஆற்று அயிரையைக் குழம்புக்கு வாங்கும்போது பார்க்கிற கரும்புள்ளிகள் இதில் மங்கிப் போயிருக்கும். குட்டையில் தென்பட்டால் விளக்கை நேரே அடிக்காமல் ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள், தண்ணீரில் கையை விடாதீர்கள், பிஸ்கட் தூள் போடாதீர்கள். அந்தக் குகையில் வெளியிலிருந்து அடித்து வருவதை நம்பித்தான் அத்தனை உயிர்களும் வாழ்கின்றன, நாம் சிந்தும் ஒரு பருக்கை சோறு அங்கே பூஞ்சையாக முளைக்கும். அதனால் உள்ளே தின்பண்டமே கூடாது. வௌவால்கள் தொங்கும் இடத்தில் பேச்சை நிறுத்துங்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், அவற்றின் எச்சத்தைத் தொடாதீர்கள்.

நடுவில் ஒரு இடத்தில், வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டு, எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். கரண்ட் போன இரவில்கூட நம் தெருவில் துறைமுகத்து வெளிச்சம் வானத்தில் தெரியும், அதனால் முழு இருட்டு என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாது. அங்கே உங்கள் கையை உங்கள் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாலும் தெரியாது. சொட்டும் சத்தம் மட்டும் நாலாபக்கமும் கேட்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அணையுங்கள்.

வெளியே வந்த பிறகு நேரம் இருந்தால் பக்கத்திலேயே தீரத்கர் அருவி இருக்கிறது, படிப்படியாக விழும், போய்விட்டு வாருங்கள். கைலாஷ் குகை, தண்டக் குகை என்று அதே பூங்காவில் இன்னும் இரண்டு குகைகள் உண்டு, கைலாஷ் 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள், ஒன்றை நிதானமாகப் பாருங்கள். காட்டில் மைனா கத்தினால் நின்று கேளுங்கள், பஸ்தர் மலை மைனாதான் சத்தீஸ்கரின் மாநிலப் பறவை. ஜக்தல்பூர்ச் சந்தையில் சிவப்பு எறும்புச் சட்னி கிடைக்கும், புளிப்பும் காரமுமாக எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக இரண்டு விஷயம். பஸ்தர் மலேரியா உள்ள பகுதி. சாயங்காலமானால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கொசுவிரட்டி தடவிக்கொள்ளுங்கள், வலை இருந்தால் கட்டிப் படுங்கள். ஊருக்குத் திரும்பிச் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ஏதோ சீசன் காய்ச்சல் என்று மாத்திரை போட்டு விட்டுவிடாமல், டாக்டரிடம் பஸ்தர் போய் வந்ததை முதலில் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று ஷூ. திரும்பும் வழியில் போராவிலும் இறங்குவதாக இருந்தால் குடும்சர் மண்ணோடு போகாதீர்கள். ஒரு குகையின் பூஞ்சையும் நுண்ணுயிரும் இன்னொரு குகைக்கு நம் காலோடு போகக் கூடாது. ஜக்தல்பூரில் தங்கும் இடத்திலேயே அடிப்பகுதியை பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அப்புறம் ரயில் ஏறுங்கள்.